பார்வைக்கோடு: கம்பியில்லா இணையமும் கூரைகளின் அரசியலும்

1

கம்பியில்லா இணையம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நமது பொதுப்புத்தியில் ஒரு சித்திரம் எழுகிறது. கம்பி இல்லை, ஆகவே தடையும் இல்லை. பள்ளம் தோண்ட வேண்டியதில்லை, யாருடைய நிலத்தையும் கேட்க வேண்டியதில்லை. காத்து எல்லார் வீட்டு மேலயும்தானே இருக்கு, அதுவழியா வர்றது எல்லார் வீட்டுக்கும் வந்து சேர்ந்துடும். கிராமத்துக்கு இணையம் என்று பேசுகிற அரசு ஆவணங்களும் நிறுவன விளம்பரங்களும் தொண்டு நிறுவனங்களின் திட்ட அறிக்கைகளும் இந்தச் சித்திரத்தின் மீதுதான் எழுதப்படுகின்றன. நிலமும் நீரும் சுடுகாடும் சாதியால் கூறுபோடப்பட்ட ஒரு சமூகத்தில், ‘நிலத்தைத் தொடாமல் வருகிற தொழில்நுட்பம்’ என்பது சாதாரண வாக்குறுதி இல்லை. தெருவுக்குள் வரவிடாதவர்கள் ஆகாயத்தில் என்ன வேலி போட்டுவிட முடியும் என்கிற நியாயமான நம்பிக்கை அதற்குள் இருக்கிறது.

இந்த நம்பிக்கையைக் கேலி செய்வது நமது நோக்கம் அல்ல. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சோதிப்பதற்குத் தொழில்நுட்பத்தை வெளியிலிருந்து திட்டினால் போதாது, அது எப்படி வேலை செய்கிறது என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். நமது சிற்றிதழ்ச் சூழலில் தொழில்நுட்பம் பற்றிய பேச்சு இரண்டு கோடிகளில்தான் நடக்கிறது. ஒன்று, அது ஏகாதிபத்தியத்தின் கருவி. இல்லையென்றால், அது விடுதலையின் கருவி. கருவியைக் கழற்றிப் பார்க்கிற பொறுமை இரண்டு தரப்புக்குமே இல்லை. கழற்றிப் பார்த்தால் அரசியல் உள்ளேயிருந்தே வெளிவருகிறது.

சுருக்கமாகச் சொன்னால் இக்கட்டுரையின் வாதம் இதுதான்: கிராமத்து வீட்டுக்கு வருகிற கம்பியில்லா இணையம் உயரத்தை நம்பி வருகிறது. உயரம் என்பது கூரை, கோபுரம், மாடி, மரம். இவை எல்லாமே யாருக்காவது சொந்தம். ஆகவே ஆகாயத்துக்கும் தெரு உண்டு.

2

முதலில் இது எப்படி வருகிறது என்று பார்ப்போம். கையில் வைத்திருக்கிற செல்பேசிக்கு வருகிற இணையத்தைப் பற்றி இங்கே பேசவில்லை. ‘நிலைத்த கம்பியில்லா’ இணைப்பு என்று சொல்லப்படுகிற வேறொன்றைப் பற்றிப் பேசுகிறோம். பக்கத்து டவுன் வரைக்கும் கண்ணாடியிழை மண்ணுக்கடியில் வந்துவிடுகிறது. அங்கே ஒரு கோபுரம். கோபுரத்தின் உச்சியில் ஒரு பரப்பி. ஐந்து கிலோமீட்டர் தள்ளி உங்கள் வீட்டுக் கூரைமேல் ஒரு இரும்புக் குழாய் நட்டு, அதில் கோபுரத்தைப் பார்த்தபடி ஒரு சின்னத் தட்டை மாட்டுவார்கள். தட்டிலிருந்து ஒரு கேபிள் சுவரோரமாக இறங்கி வீட்டுக்குள் இருக்கிற பெட்டிக்கு வரும். அந்த ஒரே கேபிளில்தான் தட்டுக்கு வேண்டிய மின்சாரமும் மேலே ஏறுகிறது, இணையமும் கீழே இறங்குகிறது. ஆக, கம்பியில்லா இணைப்பில் கம்பியில்லாத பகுதி நடுவில் உள்ள அந்த ஐந்து கிலோமீட்டர் மட்டும்தான். இரண்டு முனையிலும் கம்பிதான், மின்சாரம்தான், யாரோ ஒருவருடைய பட்டா நிலம்தான்.

இதில் இப்போது இரண்டு வகை நடைமுறையில் உள்ளன. ஒன்று, உள்ளூர் அளவில் உரிமம் பெற்ற சிறு நிறுவனங்கள் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தருவது. மற்றொன்று, பெரிய தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் 5ஜி கோபுரங்களிலிருந்து வீட்டுக்கென்றே தருவது. ஏர்டெல் இதை 2023 ஆகஸ்டில் டெல்லியிலும் மும்பையிலும் தொடங்கியது. ஜியோ 2023 செப்டம்பரில் சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் தொடங்கியது. கம்பி போக முடியாத இடத்துக்கென்று சொல்லப்பட்ட தொழில்நுட்பம், கம்பி எல்லாப் பக்கமும் போய்ச் சேர்ந்திருக்கிற பெருநகரங்களிலிருந்து தன் பயணத்தைத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி முக்கியமான விசயம். கோபுரத்துப் பரப்பியும் உங்கள் வீட்டுத் தட்டும் ஒன்றையொன்று ‘பார்க்க’ வேண்டும். இதைப் பொறியியலில் பார்வைக்கோடு என்கிறார்கள். செல்பேசி அலை வளைந்து நெளிந்து, சுவரில் பட்டுத் தெறித்து எப்படியாவது வந்து சேரும். அதைவிட அதிக அதிர்வெண் கொண்ட 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட ஒளி மாதிரி. இடையில் மறைப்பு இருந்தால் நின்றுவிடும். இலைக்குள் இருக்கிற ஈரம் அதைக் குடித்துவிடும். அடர்ந்த ஒரு தோப்பு, ஒரு சுவருக்குச் சமம்.

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது என்பதுதான் இதில் நுட்பம். அலை நூல் மாதிரி ஒரு கோட்டில் போவதில்லை. வெள்ளரிக்காய் மாதிரி, இரண்டு முனையிலும் ஒடுங்கி நடுவில் பருத்த ஒரு வெளியை அது எடுத்துக்கொள்கிறது. ஃப்ரெனல் மண்டலம் என்று இதற்குப் பெயர். ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு 5.8 ஜிகாஹெர்ட்ஸில் நடுப்பகுதியின் ஆரம் ஏறத்தாழ 8 மீட்டர். அதில் அறுபது விழுக்காடாவது மறைப்பில்லாமல் இருக்க வேண்டும். அதாவது நடுவழியில் மரத்தின் உச்சிக்கு மேல் இன்னும் சுமார் 5 மீட்டர் வெளி வேண்டும். கோபுரத்தின் பக்கம் கோடு உயரத்தில் போவதால் தொல்லை குறைவு. கோடு தாழ்ந்து இறங்குகிற வீட்டுப் பக்கம்தான் சிக்கல். தூரத்து மரத்தைவிடக் கிட்டத்து மரம்தான் எதிரி. யாருடைய கூரை தாழ்வானதோ, யாருடைய வீட்டைச் சுற்றி மற்றவர்களின் தோப்பு இருக்கிறதோ, அவர்களுக்குத்தான் இந்த எதிரி அதிகம்.

இன்னொன்று. அலை பொதுப்பந்தி மாதிரி. ஒரு திசைக்கு ஒரு பரப்பி, அந்தத் திசையில் உள்ள வீடுகள் எல்லாம் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு பரப்பியின் கொள்ளளவு 300 எம்பிபிஎஸ், அதில் அறுபது வீடு என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் ஒரே நேரத்தில் படம் பார்த்தால் ஆளுக்கு 5 எம்பிபிஎஸ்தான். விளம்பரத்தில் ‘வரை’ என்று ஒரு சின்னச் சொல் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘நூறு எம்பிபிஎஸ் வரை’. அந்தச் சொல்லில்தான் இந்தப் பங்குக் கணக்கு ஒளிந்திருக்கிறது.

3

கிராமத்துக்குக் கம்பியில்லா இணைப்பு என்பது ஏதோ இன்று வந்தது என்று நினைக்கக் கூடாது. இதன் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. 1990களில் சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவைச் சுற்றி இயங்கிய டெநெட் குழு, மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ‘கோர்டெக்ட்’ என்ற கருவியை உருவாக்கியது. வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி, கூரையில் ஒரு வாங்கி, 10 கிலோமீட்டர் வரை நேரடிப் பார்வைக்கோடு, நடுவில் ஓர் அஞ்சல் நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர் வரை. தொலைபேசியில் பேசிக்கொண்டே 35 கேபிபிஎஸ் வேகத்தில் இணையம், பேசாதபோது 70 கேபிபிஎஸ். இன்றைக்குச் சிரிப்பு வரலாம். அன்றைக்குச் சென்னையில் தொலைபேசிக் கம்பிவழி இணையம் வைத்திருந்தவர்களுக்கே ஏறக்குறைய அவ்வளவுதான் கிடைத்தது. வெளிநாட்டுத் தொழில்நுட்பத்துக்குக் கொட்டுகிற காசைக் குறைத்து, இங்குள்ள வருமானத்துக்கு ஏற்ற விலையில் ஒரு கருவி செய்ய முடியும் என்று காட்டியது, மறுக்க முடியாத சாதனை.

இந்தக் கருவியைக் கொண்டு 2001இல் மதுரை மாவட்டம் மேலூர் தாலுகாவில் ‘சாரி’ என்ற திட்டம் தொடங்கப்பட்டது. சென்னை ஐஐடியும் அதன் வழிவந்த என்-லாக் நிறுவனமும், அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகங்களும் இதில் பங்கேற்றன. ஊருக்கு ஒரு இணைய மையம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதியோர் ஓய்வூதிய மனு எல்லாவற்றையும் தாலுகா அலுவலகத்துக்கு நடக்காமல் அங்கிருந்தே அனுப்பலாம் என்பது ஏற்பாடு.

மேலூர் தாலுகா என்ற பெயரை நாம் இன்னொரு காரணத்துக்காகவும் அறிவோம். அதே தாலுகாவில்தான் மேலவளவு இருக்கிறது. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு வென்றதற்காக, 1997 ஜூன் 30 அன்று முருகேசனும் அவரோடு ஐந்து தலித்துகளும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நாற்காலியில் உட்காரக் கூடாது என்று ஆளைக் கொல்கிற ஒரு வட்டாரத்தில், நான்கே ஆண்டுகள் கழித்து அலைவழியாகத் தகவல் வருகிறது. அது எல்லாருக்கும் வந்ததா?

இந்தக் கேள்வியை ஆய்வாளர்களே கேட்டிருக்கிறார்கள். ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் இருவரும் மேலூர் மையங்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரையில் தந்த முடிவு நமக்கு ஆச்சரியம் தராது. மையத்துக்கு வந்தவர்கள் ஊர் மக்களில் ஒரு சிறு பகுதி. அவர்களும் பெரும்பாலும் இளைஞர்கள், ஆண்கள், படித்தவர்கள், ஓரளவு வசதியுள்ளவர்கள், மேல்நிலைச் சமூகத்தவர். ஆனால் அதே ஆய்வு சொன்ன இன்னொரு விசயம்தான் நமக்கு முக்கியம். ஒடுக்கப்பட்டவர்கள் குடியிருக்கும் பகுதிக்குப் பக்கத்தில் மையம் அமைந்து, அவர்களுக்குத் தேவையான சேவையும் கிடைத்த இடங்களில் அவர்களும் வந்தார்கள். அதாவது, ‘அவங்களுக்கு இதுல ஆர்வம் இல்ல, விழிப்புணர்வு பத்தாது’ என்று எப்போதும் சொல்லப்படுகிற காரணம் ஓட்டையாகிப் போனது. ஆர்வம் இருந்தது. தூரம்தான் தடையாக இருந்தது. அந்தத் தூரம் சில நூறு அடிகள் என்பதும், அதைக் கடப்பதற்குச் சில நூறு ஆண்டுகள் போதவில்லை என்பதும் தமிழ்நாட்டுக் கிராமம் தெரிந்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சான்றிதழ்ச் சேவையும் முதலில் நன்றாக நடந்து, அரசுத் தரப்பில் தொடர்ந்த ஈடுபாடு இல்லாமல் போனபோது படுத்துவிட்டது. அலை இருந்தது, அந்தப்பக்கம் மனுவை வாங்க ஆள் இல்லை. அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தை ஓர் அலகாகக் கொள்ள மறுத்துத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதை விளக்கிப் பேசினார். ‘கிராமத்துக்கு இணைப்பு’ என்று திட்டம் எழுதுகிறவர்கள் அந்தப் பேச்சைப் படிக்கவே இல்லை. ‘இணைக்கப்பட்ட கிராமம்’ என்று ஒரு புள்ளியை வரைபடத்தில் வைத்துவிட்டால், அந்தப் புள்ளிக்குள்ளே இரண்டு ஊர் இருப்பது தெரியாமலே போய்விடுகிறது.

4

இன்றைய நிலைக்கு வருவோம். கடலூர் மாவட்டத்தின் உட்பகுதியில் உள்ள எங்கள் காலனியையே எடுத்துக்கொள்கிறேன். மலை கிடையாது, மேடு கிடையாது, தட்டையான பூமி. கம்பியில்லா இணைப்புக்கு இதைவிட வசதியான நிலம் இருக்க முடியாது என்று பாடப்புத்தகம் சொல்லும். டவுனில் கோபுரம், உயரம் 40 மீட்டர். டவுனுக்கும் எங்களுக்கும் ஐந்து கிலோமீட்டர். நடுவில், காலனிக்கு அரைக் கிலோமீட்டரில், ஊர்க்காரர் ஒருவரின் தென்னந்தோப்பு. மரங்கள் 15 மீட்டர் இருக்கும். எங்கள் வீடுகள் அரசு கட்டித்தந்த தொகுப்பு வீடுகள். கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. துளை போட்டால் உள்ளே விழும்.

இணைப்புப் போட வந்த பையன் நல்லவன். சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “அண்ணே, டவர் தெரியல. தோப்பு மறைக்குது. ஊருக்குள்ள மாடி வீடு வெச்சிருக்கவங்க யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்காங்களாண்ணே? அங்க ஒரு டிஷ் வெச்சு, அங்கேருந்து இங்க தட்டிவிட்டுடலாம்.” பக்கத்தில் நின்ற எங்கள் பெரியம்மா கேட்டார்: “மாடியில ஏற விடுவாங்களா தம்பி?” பையனுக்குக் கேள்வி புரியவில்லை. “மாசம் ஒரு நூறு ரூபா கரண்ட்டுக்குக் குடுத்தா விடுவாங்க ஆயா” என்றான்.

பையன் சொன்னது தொழில்நுட்பரீதியாகச் சரி. அஞ்சல் முனை என்று அதற்குப் பெயர், உலகம் முழுவதும் இப்படித்தான் செய்கிறார்கள். பெரியம்மா கேட்டது அரசியல்ரீதியாகச் சரி. அந்த மாடிக்காரர் ஏறவிட்டாலும், அன்றிலிருந்து காலனியின் இணையம் அவருடைய சுவிட்சில் இருக்கும். கோயில் திருவிழாவில் ஒரு தகராறு, பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குள் ஒரு அடிதடி, உள்ளாட்சித் தேர்தலில் ஒரு போட்டி வேட்பாளர் என்றால், வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. பிளக்கைப் பிடுங்கினால் போதும். ‘கரண்ட்டு போயிடுச்சுப்பா’ என்று சொல்லிவிடலாம். பாதையை அடைப்பதும் தண்ணீரை நிறுத்துவதும் கண்ணுக்குத் தெரிகிற குற்றங்கள், வழக்குப் போட முடியும். பிடுங்கிய பிளக்குக்கு எந்தச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது? அதிகாரம் எப்போதும் இப்படி ஒரு சின்னக் கணுவில்தான் வந்து உட்காருகிறது.

சரி, மாடி வேண்டாம், நாமே ஒரு கம்பம் நடலாம் என்றால் கணக்கு என்ன? அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற 15 மீட்டர் மரத்தையும், அதற்கு மேல் வேண்டிய வெளியையும் தாண்டிக் கோடு போக வேண்டுமானால், காலனியில் தட்டு இருக்க வேண்டிய உயரம் ஏறத்தாழ 50 அடி. தனி ஒரு வீடு இதைச் செய்ய முடியாது. கம்பம், இழுவைக் கம்பிகள், இடி தாங்க மண்ணிணைப்பு என்று செலவு, இணைப்புக் கட்டணத்தைப் பல மடங்கு மிஞ்சும். ஊர்த்தெருவில் இரண்டு மாடி வீட்டுக்காரருக்கு ஆறடிக் குழாய் போதும். ஒரே நிறுவனம், ஒரே கட்டணம், ஒரே அலை. உயரத்தின் விலை மட்டும் வேறு. இந்த வித்தியாசம் எந்த விலைப்பட்டியலிலும் இருக்காது. ‘அங்க ஃபீசிபிலிட்டி இல்ல’ என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். தீண்டாமையைச் சொல்ல இத்தனை சுத்தமான ஒரு வார்த்தை இதற்கு முன் கிடைத்ததில்லை. அதைச் சொல்கிறவர் தீண்டாமை பார்க்காதவராகவும் இருக்கலாம் என்பதுதான் இதிலுள்ள பயங்கரம்.

5

அலை யாருடையது? இதற்குச் சட்டம் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறது. வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், வான்அலைகள் பொதுச்சொத்து, அரசின் ஏகபோகமும் அல்ல, பணம் உள்ளவர்களின் ஏகபோகமும் ஆகக் கூடாது என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. ‘அலைக்கற்றை’ என்ற சொல் தமிழ்நாட்டின் டீக்கடை வரைக்கும் வந்தது 2ஜி விவகாரத்தில். 2012 பிப்ரவரி 2 அன்று உச்சநீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்து, இந்த இயற்கை வளத்தை ஏலத்தில் விட வேண்டும் என்றது. (அவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2017 டிசம்பரில் விடுதலை செய்யப்பட்டார்கள் என்பது தனிக்கதை.) இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நகர்வு தெரியும். பொதுச்சொத்து என்பதை நிலைநாட்டிய பிறகு, பொதுச்சொத்தை நல்ல விலைக்கு விற்பது எப்படி என்பதே கேள்வியாகிவிட்டது. ஏலத்தில் எடுத்தவர், போட்ட காசு திரும்புகிற இடத்தில்தான் கோபுரம் வைப்பார். முப்பது குடும்பம் உள்ள காலனி அந்தக் கணக்கில் வராது.

ஆனால் ஏலத்துக்கு வெளியே ஒரு துண்டு ஆகாயம் இருக்கிறது. 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸை அலைவரிசை உரிமம் தேவையில்லாததாக அறிவித்தது. நிர்ணயித்த திறன் வரம்புக்குள் யார் வேண்டுமானாலும் இந்த அலையைப் பயன்படுத்தலாம். புறம்போக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டா யாருக்கும் கிடையாது, மாடு மேய்க்க எல்லாருக்கும் உரிமை. ஸ்பெயினின் கட்டலோனியாவில் இதே மாதிரியான உரிமமில்லா அலையை வைத்து, 2004இல் கிராமத்து மக்கள் தங்கள் கூரைகளைத் தாங்களே இணைத்துக்கொண்டு தொடங்கிய ‘கீஃபி’ வலையமைப்பு, இன்று 30,000க்கும் மேற்பட்ட முனைகளோடு பொதுவளமாக இயங்குகிறது. ஒவ்வொருவரும் தன் கூரையை அடுத்தவருக்கு அஞ்சல் முனையாகத் தர வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது. அங்கே கூரைக்குக் கூரை சாதி கிடையாது. இங்கே கூரையைப் பகிர்வது சோற்றைப் பகிர்வதைவிடக் கடினமாக இருக்கலாம். ஆனாலும் அலை பொதுவாக இருக்க முடியும், முனையும் பொதுவாக இருக்க முடியும் என்பதற்கு அது சான்று.

6

வருவது பற்றி மட்டுமே இதுவரை பேசினோம். போவது பற்றி? பெர்டோல்ட் பிரெக்ட் 1932இல் வானொலியைப் பற்றிப் பேசும்போது, அது விநியோகிக்கிற கருவியாக மட்டும் இருக்கிறது, கேட்பவர் பேசவும் முடிகிற தகவல்தொடர்புக் கருவியாக அதை மாற்ற வேண்டும் என்றார். இணையம் வந்தபோது பிரெக்டின் கனவு பலித்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். கம்பியில்லா வீட்டு இணைப்பில் கீழே இறங்கும் வேகமும் மேலே ஏறும் வேகமும் ஒன்றல்ல. பரப்பியின் நேரத்தை எவ்வளவு இறக்கத்துக்கு, எவ்வளவு ஏற்றத்துக்கு என்று நிறுவனம்தான் பங்கு பிரிக்கிறது. பெரும்பங்கு இறக்கத்துக்கு. இந்திய அரசு 2023 ஜனவரியில் அகல அலைவரிசைக்கான வரையறையை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தியது. அந்த வரையறையில் குறைந்தபட்ச இறக்க வேகம் உண்டு. ஏற்ற வேகத்துக்கு ஓர் எண்கூட இல்லை. குடிமக்கள் பார்ப்பார்கள், பேச மாட்டார்கள் என்பது அந்த இலக்கணத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

அதே 2023 ஜனவரி 1 முதல் நூறுநாள் வேலைத் தளங்களில் செயலிவழி வருகைப்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. நாளுக்கு இரண்டு முறை புகைப்படம் எடுத்து அனுப்ப வேண்டும். சிக்னல் இல்லாமல் படம் ஏறவில்லை என்றால் கூலி சிக்கலில். ஏற்ற வேகத்தை உத்தரவாதம் தராத அரசு, ஏற்றத்தை மட்டும் கட்டாயமாக்கியது. நமது முகம் மேலே போக வேண்டும், நமது குரல் போக வேண்டாம். குரல் பெரிதாக எழுந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தூத்துக்குடி இருக்கிறது. 2018 மே 22 துப்பாக்கிச்சூட்டில் ஆட்கள் செத்து விழுந்த மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் நிறுத்தப்பட்டது. மாடிக்காரரின் பிளக்கும் அரசின் பிளக்கும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

7

என்ன செய்யலாம்? செயல்பாட்டாளர்கள் இந்த இதழைப் படிக்கிறார்கள் என்பதால் சில விசயங்களை நேரடியாகவே சொல்லிவிடலாம்.

தனி வீட்டுக்கு இணைப்பு வாங்குகிறவர்கள் நிறுவனத்தின் பேச்சை நம்பாமல், தாங்களே உயரத்தில் ஏறிக் கோபுரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கிட்டத்து மரங்களை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும், தென்னங்கன்று வளரும் என்பதையும் மறக்கக் கூடாது. தட்டு மாட்டியவுடன் சிக்னல் எவ்வளவு என்று கேட்க வேண்டும். மைனஸ் 60 டிபிஎம் பக்கத்தில் இருந்தால் நல்லது, மைனஸ் 80க்குப் போனால் மழை நாளில் படுத்துவிடும். ஒரு பரப்பியில் எத்தனை வீடு, ஏற்ற வேகம் எவ்வளவு என்ற இரண்டையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

மின்சாரத்தை அலட்சியம் செய்யக் கூடாது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, சிற்றூர்களில் உள்ள தன் பார்வை மையங்களை நீள்தூர வைஃபை மூலம் இணைத்தது. கிராமத்தில் உட்கார்ந்திருக்கிற நோயாளியைத் தேனியில் இருக்கிற மருத்துவர் திரைவழி பார்த்தார். பெர்க்லி பல்கலைக்கழகக் குழு அதற்கான தொழில்நுட்பத்தைச் செய்தது. சில ஆண்டுகள் நடத்திப் பார்த்துவிட்டு அந்தக் குழு 2008இல் எழுதியதில் முக்கியமானது, கருவிகளைக் கொன்றது அலைக் கோளாறைவிட மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் என்பதுதான். மின்னழுத்தக் காப்பு, யுபிஎஸ், மண்ணிணைப்பு மூன்றும் இல்லாமல் தட்டு மாட்ட விடாதீர்கள்.

இவை வீட்டுக்கானவை. காலனிக்கானது வேறு. தோப்பைத் தாண்டுகிற உயரம், எந்தத் தனி வீட்டிலும் இல்லாத உயரம், காலனியில் ஒன்றே ஒன்றுக்குத்தான் உண்டு: மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. எங்கள் தொட்டியின் உச்சி சுமார் 40 அடி. பக்கவாட்டில் பொருத்தி அதற்கு மேல் 12 அடிக் குழாய் உயர்த்தினால் கணக்கு சரியாகிவிடும். தொட்டி ஊராட்சியின் சொத்து. யாருடைய மாடியையும் கேட்க வேண்டியதில்லை. தொட்டி என்றவுடன் 2022 டிசம்பர் வேங்கைவயல் நினைவுக்கு வராமல் இருக்காது. தலித் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலம் கலக்கப்பட்ட அந்தக் கொடுமைக்குப் பிறகு, யார் தொட்டியில் ஏறுவது, சாவி யாரிடம் இருப்பது என்பது சின்னக் கேள்வி அல்ல. கருவி பராமரிக்க வருகிறவர் யாராயினும் காலனி மக்களின் குழு முன்னிலையில்தான் ஏற வேண்டும், சாவி அவர்களிடமே இருக்க வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுத வேண்டும்.

தீர்மானம் என்றேன். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராமசபைக் கூட்டங்களில் இதைக் கோரிக்கையாக வைக்கலாம். பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழை கொண்டுவருவது டான்பிநெட் நிறுவனத்தின் இலக்கு. இழை வந்து நிற்கிற இடம் ஊராட்சி அலுவலகம் அல்லது சேவை மையம். அது பெரும்பாலும் ஊர்ப்பக்கம்தான் இருக்கும். அங்கிருந்து காலனித் தொட்டிக்கு ஒரு கம்பியில்லா இணைப்பு என்பது ஒரு கிலோமீட்டருக்கு உட்பட்ட சின்ன வேலை. 2020 டிசம்பரில் ஒப்புதல் தரப்பட்ட பிஎம்-வானி ஏற்பாட்டின்படி, ஓர் இணைப்பை வாங்கிப் பொது வைஃபையாகப் பகிர்வதற்கு உள்ளூர் நிலையம் நடத்துகிறவருக்கு உரிமமும் தேவையில்லை, கட்டணமும் இல்லை. மகளிர் குழுவோ இளைஞர் மன்றமோ இதை எடுத்து நடத்தலாம். ‘காலனிக்கு முனை’ என்பதே கோரிக்கையின் பெயராக இருக்கட்டும். ‘கிராமத்துக்கு இணையம்’ என்று கேட்டால் ஊர்த்தெருவோடு நின்றுவிடும்.

இதனால் சாதி ஒழிந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. தொழில்நுட்பம் சாதியை ஒழிக்கும் என்ற பெருங்கதையாடலை ரயில் வந்த காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஒரு காலனிப் பெண் தன் மனுவையும் தன் பாட்டையும் தன் கோபத்தையும் மேலே அனுப்புவதற்கு, இன்னொருவரின் மாடியைக் கும்பிட வேண்டியதில்லை என்பது ஒரு சிறிய விசயம் அல்ல. காற்று பொது என்று 1995லேயே தீர்ப்பு வந்துவிட்டது. காற்றைப் பிடிக்கிற உயரமும் பொது என்று இன்னும் தீர்ப்பு வரவில்லை. அதை நீதிமன்றம் எழுதும் வரை காத்திருக்காமல் கிராமசபையில் நாமே எழுதத் தொடங்கலாம்.